பகலுக்குள் முடிகிற வேலை: களுவாஞ்சிக்குடியில் ஒரு வெளிநாட்டுக் கணக்கு நிலையம்

மட்டக்களப்பு மாவட்டம் களுவாஞ்சிக்குடியில் 2021 கடைசியில் தொடங்கிய ஒரு சிறு நிலையத்தைப் பற்றிய பதிவு இது. பிரித்தானியாவில் இருக்கும் நிறுவனங்களின் வேலையை இங்கிருந்தே செய்து கொடுப்பது அதன் தொழில். ஊழியர் பயிற்சியில் உதவியவன் என்ற முறையில் ஆரம்பத்திலிருந்தே அதோடு தொடர்பில் இருக்கிறேன். நிறுவனரும் ஊழியர்களும் இதை வாசித்துப் பார்த்துவிட்டு, பெயர்கள் மட்டும் வேண்டாம் என்று சொல்லிச் சம்மதித்தார்கள்.

கிழக்கில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, நம்முடைய பிள்ளைகளின் ஆங்கிலம் போதுமா, இங்குள்ள இணையம் தாங்குமா என்பதைத்தான். இந்த நிலையம் நான்கே மாதத்தில் மூடும் நிலைக்கு வந்தது. அதற்கு ஆங்கிலமும் காரணமில்லை, இணையமும் காரணமில்லை. இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

## பின்னணி

நிறுவனர் களுவாஞ்சிக்குடிக்காரர், வயது முப்பதுகளின் நடுவில். கொழும்பில், பிரித்தானிய நிறுவனங்களுக்குக் கணக்கு வேலை செய்து கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் பல வருடம் இருந்தவர். கொழும்பில் இந்தத் துறை தற்செயலாக வளரவில்லை. பட்டயக் கணக்காளர் பரீட்சையும், பிரித்தானியத் தகைமையான சீமாவும் எழுதுகிறவர்கள் இலங்கையில் ஏராளம். நம்முடைய கம்பனிச் சட்டமும் கணக்கு வைக்கும் முறையும் பிரித்தானிய வழியில் வந்தவை. லண்டனில் ஒருவர் 'கடன்பட்டோர்', 'கடன்கொடுத்தோர்' பட்டியலைக் கேட்டால், என்ன கேட்கிறார் என்பது உயர்தரத்தில் வர்த்தகம் படித்த பிள்ளைக்கே புரியும்.

கொழும்பில் அவரோடு வேலை செய்தவர்களில் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் நிறையப் பேர். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய், போர்டிங்கில் தங்கி, சம்பளத்தில் பாதியை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை இரவு ரயிலில் ஊருக்கு வருகிறவர்கள். இவர்களை விடப் பெரிய கூட்டம் ஊரிலேயே இருந்தது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வர்த்தகமும் முகாமைத்துவமும் படித்தவர்கள், மட்டக்களப்பு, சம்மாந்துறை உயர் தொழில்நுட்ப நிறுவனங்களில் கணக்கியல் டிப்ளோமா முடித்தவர்கள். இவர்களில் பெண்கள் அதிகம். கொழும்புக்கு அனுப்ப வீட்டில் விருப்பமில்லை. அரச நியமனத்துக்காகக் காத்திருப்பார்கள், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு நிதிக் கம்பனியில் கடன் வசூலிக்கும் வேலைக்குப் போவார்கள்.

இவர்கள் ஊரை விட்டுப் போகாமல், வேலையை ஊருக்குக் கொண்டு வரலாம் என்பதுதான் நிறுவனரின் எண்ணம். இது இலங்கையில் புதிதும் இல்லை. அநுராதபுர மாவட்டத்து மகாவிலச்சிய கிராமத்தில் 2000களின் பிற்பகுதியிலேயே கணினி படித்த கிராமத்துப் பிள்ளைகளை வைத்து இப்படி ஒரு முயற்சி நடந்திருக்கிறது.

அப்பாவின் வளவில் இருந்த மாடி வீட்டின் மேல்தளத்தை அலுவலகமாக்கினார். பழைய கணினிகள், ஒரு ஃபைபர் இணைப்பு, அது விழுந்தால் எடுக்க வேறு நிறுவனத்தின் 4ஜி ரவுட்டர், பற்றரியோடு ஓர் இன்வேர்ட்டர். பதினொரு பேரை எடுத்தார், எட்டுப் பேர் பெண்கள். மண்டூர், வெல்லாவெளி, போரதீவுப் பக்கம் இருந்து நான்கு பேர், மருதமுனையில் இருந்து இரண்டு பேர், மற்றவர்கள் களுவாஞ்சிக்குடியும் அதன் அயலும்.

## முதல் ஒப்பந்தம்

கணக்கு வேலை தேடியவருக்கு முதலில் கிடைத்தது தொலைபேசி வேலை. கொழும்பில் உள்ள ஓர் இடைநிலை நிறுவனம், பிரித்தானியாவில் இணையத்தில் வீட்டுச் சாமான் விற்கும் கடையொன்றின் வாடிக்கையாளர் சேவையை எடுத்து, அதில் ஒரு பகுதியை இவருக்குக் கொடுத்தது. 'என் சோபா எப்போது வரும்', 'மேசைக்கால் உடைந்து வந்திருக்கிறது' என்கிற வகை அழைப்புகள். பேசிய நிமிடத்துக்கு மட்டும் காசு. அழைப்பு வராமல் சும்மா இருக்கும் நேரத்துக்கு ஒன்றும் இல்லை.

நேரம் பிரித்தானியக் காலை 10 முதல் மாலை 6 வரை. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். ஆக, இங்கே பிற்பகல் 3.30 முதல் இரவு 11.30 வரை. 2021 நவம்பரில் வேலை தொடங்கியது.

முதல் மாதம் நன்றாகவே போனது. வட இங்கிலாந்துக்காரர்களும் ஸ்கொட்லாந்துக்காரர்களும் பேசுவது முதல் வாரங்களில் பிடிபடவில்லை, அப்புறம் காது பழகிவிட்டது. வாடிக்கையாளர் கொடுத்த மதிப்பெண்கள் கொழும்பு அணியின் மதிப்பெண்களுக்குக் குறைவாக இருக்கவில்லை.

## கண்டவை

டிசம்பர் நடுவில் ஒருவர் விலகினார். ஜனவரி முடிவதற்குள் மேலும் நான்கு பேர். ஐந்து பேரும் பெண்கள். இடத்தை நிரப்பப் புதியவர்களை எடுத்தால் அவர்களும் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. மொழித்திறனும் ஊழியர் ஈடுபாடும் போதவில்லை, ஆங்கிலப் பயிற்சியைக் கூட்டுங்கள் என்று இடைநிலை நிறுவனம் எழுதியது. நிறுவனரும் அதை நம்பி, ஓர் ஆங்கில ஆசிரியரோடு பேச்சுவார்த்தையையே தொடங்கிவிட்டார்.

அதற்கு முன் விலகியவர்களின் விவரங்களை ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். பெயர், வீடு, வேலைக்கு வரும் வழி, வாடிக்கையாளர் மதிப்பெண். எழுதி முடித்ததும் விஷயம் தெளிவாகிவிட்டது. விலகியவர்களில் மூன்று பேர் அணியிலேயே நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள். ஆங்கிலத்துக்கும் விலகலுக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்குப் போகும் வழிக்கும் விலகலுக்கும்தான் சம்பந்தம்.

படுவான்கரை, அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைப் பிள்ளைகள், பகலில் குருமண்வெளியில் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் ஏறி மண்டூர்க் கரையில் இறங்கிவிடுவார்கள். நடு இரவில் பாதை இல்லை. பட்டிருப்புப் பாலத்தால் சுற்றித்தான் போக வேண்டும். நிலையம் வான் பிடித்துக் கொடுத்தது உண்மை, ஆனால் வான் பிரதான வீதியோடு திரும்பிவிடும். அங்கிருந்து உள்ளே போகிற வயல் வீதியில் விளக்கில்லை, யானை நடமாட்டம் உண்டு. அப்பாவோ அண்ணனோ மோட்டார் சைக்கிளோடு வந்து காத்திருக்க வேண்டும். காலையில் வயலுக்கோ மீனுக்கோ போகிற மனிதர் அவர். விலகிய ஒரு பிள்ளையின் தகப்பனிடம் நேரில் போய்க் கேட்டபோது சொன்னார்: "மகள் வேலைக்குப் போறதில எனக்கு விருப்பந்தான் சேர். ஒவ்வொரு நாளும் ராவைக்கு ஆரு போய்க் கூட்டிவாற?"

ஊர்ப்பேச்சும் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு வானில் வந்து இறங்கும் பெண் பிள்ளையைப் பற்றி என்னென்ன பேசுவார்கள் என்று எழுதத் தேவையில்லை. மருதமுனைப் பிள்ளைகள் இருவரும் நேரம் மாறினால் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டே போனார்கள்.

கடைசியாகச் சட்டம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி இப்படியான அலுவலகத்தில் பெண்களை இரவு எட்டு மணிக்குப் பிறகு வேலைக்கு வைத்திருக்க அப்போது முடியாதிருந்தது. ஒப்பந்தம் கொடுத்தவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. சேமலாப நிதிப் பதிவுக்காகத் தொழில் திணைக்களத்துக்குப் போன இடத்தில்தான் நிறுவனருக்கு அது தெரிய வந்தது.

## எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. ஆண்களை மட்டும் வைத்து நடத்துவது ஒன்று. அலுவலகத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்குத் தங்குமிடம் எடுப்பது இன்னொன்று. ஒப்பந்தத்தைக் கைவிடுவது மூன்றாவது.

முதலாவதை அவர் யோசிக்கவே மறுத்தார். இங்கே கணக்கியல் படித்துவிட்டு வேலையின்றி இருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு இந்த நிலையத்தை நடத்துவதில் அர்த்தமில்லை என்றார். தங்குமிடம் எடுத்தாலும் எட்டு மணிச் சட்டம் அப்படியே நிற்கும். அதோடு, போர்டிங் வாழ்க்கை வேண்டாம் என்று கொழும்பைத் தவிர்த்த பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து ஐந்து மைல் தூரத்தில் இன்னொரு போர்டிங்.

இரவு வேலையை வைத்தே பெரிதாக வளர்ந்த நாடு பிலிப்பைன்ஸ். அங்கே பெண்களின் இரவு வேலைத் தடையை 2011இல் சட்டம் போட்டு நீக்கினார்கள். அதே சட்டம் இரவு ஊழியருக்கு ஓய்விடமும் போக்குவரத்தும் கொடுக்கச் சொல்கிறது. இரவு முழுவதும் வாகனம் ஓடும் மணிலா போன்ற நகரத்தில் அது நடக்கும். பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு சிறு முதலாளியின் கையிருப்பில் நடக்காது. வளரும் நாடுகளுக்கு வெளிநாட்டு வேலை ஒரு வாய்ப்பு என்று சொல்லும்போது எல்லோருக்கும் மணிலாவும் பெங்களூரும்தான் கண்ணுக்கு முன் வருகின்றன. சிறு ஊர் அந்த நகரங்களின் வேலையையே எடுத்துச் செய்யப் போனால் அவற்றின் செலவையும் சுமக்க வேண்டி வரும், அவற்றின் வசதிகள் மட்டும் இருக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2022 பெப்ரவரியில் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். கொடுத்திருந்த வைப்புப் பணம் போனது. மிச்சமிருந்த ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்க வீட்டு நகை அடகுக்குப் போனது. இனி எந்த வேலை வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான் என்று முடிவெடுத்தார்: அது காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் இடையில், இங்கே பகல் இருக்கும்போதே முடியுமா?

## கணக்கு வேலை

கணக்கெழுதும் வேலைக்கு அந்த நேரம் சரியாகப் பொருந்தும். லண்டன் அலுவலகம் மாலையில் அனுப்பும் பற்றுச்சீட்டுகளை நாம் மறுநாள் காலை எட்டரைக்கு எடுத்தால், அவர்கள் கதவு திறக்கும் நேரத்தில் இங்கே பிற்பகல் இரண்டரை. பாதி வேலை முடிந்திருக்கும். மீதி மூன்று மணி நேரம் இரு பக்கமும் கேள்வி கேட்டுப் பதில் சொல்லப் போதும். கோடையில் வித்தியாசம் நாலரை மணி நேரமாகக் குறைவதால் அந்த நேரம் இன்னும் ஒரு மணி கூடும். தொலைபேசி வேலையில் கழுத்தைப் பிடித்த அதே நேர வித்தியாசம் இங்கே கைகொடுத்தது.

தேவையும் அப்போது இருந்தது. பிரித்தானியாவில் வற் (பெறுமதி சேர்) வரிக் கணக்கை மென்பொருள் வழியாகவே வைத்து அனுப்ப வேண்டும் என்ற விதி, விற்பனை 85,000 பவுணுக்கு மேல் உள்ள வியாபாரங்களுக்கு 2019 ஏப்ரலில் வந்தது. 2022 ஏப்ரலில் வற் பதிவுள்ள எல்லோருக்கும் அது விரிந்தது. சப்பாத்துப் பெட்டியில் பில்களைப் போட்டு வைத்து வருடத்துக்கு நாலு முறை கணக்காளரிடம் கொடுத்துவந்த சிறு கடைக்காரர்கள் அதில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களின் கணக்காளர்களுக்கு ஆள் போதவில்லை.

மட்டக்களப்பைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவர் லண்டனில் அப்படியொரு சிறு கணக்கு அலுவலகம் நடத்துகிறார். சொந்தக்காரர் ஒருவர் மூலம் தொடர்பு கிடைத்தது. ஊர்ப்பாசம் முதல் தொலைபேசி உரையாடல் வரைக்கும்தான் வந்தது. அதற்குப் பிறகு அவர் செய்தது கறாரான காரியம். தான் ஏற்கெனவே முடித்து வைத்திருந்த ஓர் உணவகத்தின் பழைய காலாண்டுக் கணக்கை, விடையைக் காட்டாமல், பில்களை மட்டும் அனுப்பினார். செய்து காட்டுங்கள், என் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்றார்.

அந்தக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோவிட் காலத்தில் பிரித்தானியா உணவகங்களுக்கான வற் வரியை 5 வீதமாகக் குறைத்தது. 2021 ஒக்டோபர் 1இல் அதை 12.5 ஆக்கி, 2022 ஏப்ரல் 1இல் பழைய 20க்குக் கொண்டு போனது. வந்த கட்டில் 2021 ஒக்டோபர் 1க்கு முந்திய பில்களும் பிந்திய பில்களும் கலந்து கிடந்தன. எந்தத் திகதிக்கு எந்த வீதம் என்பதை எங்கள் ஆறு பேரும் சுவரில் எழுதி ஒட்டி வைத்துச் செய்தார்கள்.

விற்பனைப் பக்கம் அப்படியென்றால் கொள்வனவுப் பக்கம் வேறு மாதிரி. மொத்தக் கடை பில்லில் அரிசி, பருப்பு, மரக்கறி, சோடா, பொரித்த கிழங்குப் பக்கெட், தரை கழுவும் திரவம் எல்லாம் ஒரே தாளில். பில்லைப் படம் பிடித்து வாசிக்கும் மென்பொருள் மொத்தத் தொகையை எடுத்து, முழுவதற்கும் 20 வீத வற் என்று போட்டு வைத்திருந்தது. மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் அதைப் பிடித்தார். பிரித்தானியாவில் அரிசிக்கும் பருப்புக்கும் பூச்சிய வீதம், சோடாவுக்கும் பொரித்த கிழங்குக்கும் முழு வீதம். மென்பொருள் சொன்னபடி அனுப்பியிருந்தால் கட்டாத வரியைத் திரும்பக் கேட்டதாக ஆகியிருக்கும். பில்லில் பொருட்களின் பெயர்கள் பாதி வெட்டுப்பட்டுத்தான் அச்சாகியிருந்தன. ஆனால் அது தமிழர் நடத்தும் கடை. என்ன சாமான் என்பது அவருக்குப் பார்த்த உடனே தெரிந்தது, தன் அம்மா வாங்குகிற அதே சாமான்.

அவர் ஒவ்வொரு வரியையும் பிரித்து, சந்தேகமான ஏழு வரிகளுக்குப் பக்கத்தில் கேள்வி எழுதி அனுப்பினார். லண்டன்காரர் பிறகு என்னிடம் சொன்னது: கூட்டுத்தொகை சரியாக வந்ததற்காக இவர்களை எடுக்கவில்லை, அந்த ஏழு கேள்விகளுக்காகவே எடுத்தேன்.

2022 மார்ச் முதல் வேலை வரத் தொடங்கியது. ஒவ்வொரு கடைக்கும் மாதத்துக்கு இவ்வளவு பவுண் என்று நிலையான கட்டணம். நிமிடக் கணக்கு இல்லை.

## 2022 நெருக்கடி

தொடங்கிய மாதமே நாடு இருண்டது. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. இன்வேர்ட்டர் மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. மின்சாரம் இல்லாமல் தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரியும் இறங்கியதால் 4ஜியும் இழுபட்டது. வேலைக்கு வர பெற்றோலும் இல்லை.

நிறுவனர் இரண்டு காரியம் செய்தார். பழைய கணினிகளை விற்று, கொழும்பில் பாவித்த லப்டொப்கள் வாங்கினார். அப்புறம் மின்வெட்டு அட்டவணைப்படி ஆட்களைப் பிரித்தார். களுவாஞ்சிக்குடியில் மின்சாரம் இல்லாத நேரம் மண்டூர்ப் பக்கம் இருக்கும், அங்கே இருப்பவர் அங்கிருந்தே செய்வார். பில்களை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, இணையம் இல்லாதபோது பட்டியலிட்டு, வந்ததும் ஏற்றினார்கள். ஒரு காலக்கெடுவும் தவறவில்லை. அந்த இரண்டு மாதம் அந்த ஆறு பேர் உழைத்த உழைப்பை நேரில் பார்த்தவன் என்ற வகையில், கிழக்கில் ஆட்களின் தரம் போதாது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ரூபாய் விழுந்தது வேறொரு கேள்வியைக் கிளப்பியது. வருட ஆரம்பத்தில் 270 ரூபாய் அளவில் இருந்த பவுண் மே மாதத்தில் 440ஐத் தாண்டியது. நிலையத்தின் வருமானம் ரூபாயில் தானாகவே ஏறியது, சம்பளம் ஏறவில்லை, கடையில் சாமான் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஊழியர்கள் கணக்குப் படித்தவர்கள், பவுணின் விலை அவர்களுக்கும் தெரியும். அணித் தலைவி நிறுவனரிடம் நேரே கேட்டார்: "அண்ணா, பவுண் ஏறினது எங்களுக்குமா, உங்களுக்கு மட்டுமா?"

அவர் ஒரு வாரம் எடுத்துப் பதில் சொன்னார். சம்பளத்தின் பெரும்பகுதி ரூபாயில் நிலையாக இருக்கும், மிச்சப் பகுதி ஒவ்வொரு காலாண்டும் பவுணின் சராசரி விலையோடு ஏறும் இறங்கும். இந்த முறை இன்றுவரை இருக்கிறது. பின்னர் ரூபாய் தேறியபோது அந்தப் பகுதி குறைந்தது, யாரும் முறைக்கவில்லை, ஏனென்றால் கணக்கு எல்லோருக்கும் முன்னால் திறந்து கிடந்தது. இந்தப் பதிவில் இருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் முதலாளிகள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

## ஒரு புகைப்படம்

செப்டெம்பரில் ஒரு சிக்கல். புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு ஒரு வங்கிக் கணக்கிணக்கம் (வங்கிக் கூற்றையும் கணக்குப் புத்தகத்தையும் ஒப்பிடுவது) ஒத்துவரவில்லை. திரையைத் தன் கைத்தொலைபேசியால் படம் எடுத்து, கொழும்பில் இருக்கும் நண்பருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி உதவி கேட்டார். படத்தில் ஒரு லண்டன் கடைக்காரரின் பெயரும் வங்கிக் கணக்கு இலக்கமும் தெரிந்தன. நண்பர் நல்லவர், உடனே அழித்துவிட்டு நிறுவனருக்குச் சொன்னார். நிறுவனர் அன்றே லண்டனுக்குச் சொன்னார்.

மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று பலர் பிறகு சொன்னார்கள். லண்டன்காரர் இரண்டு வாரம் வேலையை நிறுத்தினார், கடைக்காரருக்கு அறிவித்தார். தன்னுடைய பக்கத்து ஓட்டைகளும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தன. சொந்தக்காரர் வழி வந்த தொடர்பு என்பதால் எழுத்தில் ஒப்பந்தமே இருக்கவில்லை. தரவை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கான ஒப்பந்தப் படிவம் பிரித்தானியாவில் 2022 மார்ச்சில்தான் புதிதாக நடைமுறைக்கு வந்திருந்தது, அது நிரப்பப்படவில்லை. தன் கணக்கு இலங்கையில் செய்யப்படுகிறது என்பதும் சில கடைக்காரர்களுக்குத் தெரியாது.

இரண்டு வாரத்தில் எல்லாம் எழுத்துக்கு வந்தது. கைத்தொலைபேசிகளுக்கு வாசலில் பூட்டுப் பெட்டி, தரவு இங்குள்ள கணினியில் தங்காமல் லண்டன் சேவரிலேயே இருக்கும் ஏற்பாடு, இரட்டைக் கடவுச்சொல். படம் அனுப்பியவரை வேலையை விட்டு எடுக்கவில்லை. பக்கத்தில் கேட்க ஆள் இல்லாததால் வெளியே கேட்டார் என்பது நிறுவனரின் கணிப்பு. நான் அதோடு உடன்படுகிறேன். புதியவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு பழையவரை உட்கார வைக்கும் வழக்கம் அதற்குப் பிறகு வந்தது. கைத்தொலைபேசிப் பெட்டியை விட அதுவே அதிகம் பயன்பட்டது என்பேன்.

## ஜனவரி

பிரித்தானியாவில் இணையத்தில் அனுப்பும் தனியாள் வருமான வரிப் படிவத்துக்குக் கடைசித் திகதி ஜனவரி 31. ஒரு நாள் பிந்தினாலும் 100 பவுண் தண்டம். அங்குள்ள கணக்காளருக்கு ஜனவரி மாதத்தில் மூச்சுவிட நேரமில்லை. இங்கே அது மாரி காலத்தின் கடைசி, வெள்ளம் வந்தால் படுவான்கரை வீதிகள் மூழ்கும். நடுவில் தைப்பொங்கல்.

2023 ஜனவரியில் இந்த மூன்றும் ஒன்றாக வந்து ஆட்களை வாட்டியது. இரண்டு பேருக்குக் காய்ச்சல், பொங்கலன்றும் சிலர் லப்டொப்போடு இருந்தார்கள். பிறகு லண்டனோடு பேசி, டிசம்பர் 10க்குள் வராத தாள்களை அங்குள்ளவர்களே செய்வது என்று எழுதிக்கொண்டார்கள். பொங்கலுக்கு இரண்டு நாள் இந்து ஊழியர்களுக்கு விடுமுறை, அந்த இரண்டு நாளும் மருதமுனை, கல்முனை முஸ்லிம் பிள்ளைகள் பொறுப்பு. நோன்புக் காலத்தில் அவர்கள் பிற்பகல் மூன்று மணிக்குப் போகலாம், பெருநாளில் மற்றவர்கள் பொறுப்பு. யாரும் வகுத்துக் கொடுக்கவில்லை, அவர்களே பேசி அமைத்தது. 2024 ஜனவரி அமைதியாகப் போனது.

## விளைவு

இன்று பத்தொன்பது பேர், பதினான்கு பேர் பெண்கள். முதலில் விலகிய ஐவரில் மூவர் திரும்பி வந்தார்கள், மருதமுனைப் பிள்ளைகள் இருவரும் அதில் அடக்கம். எல்லோருக்கும் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி கட்டப்படுகிறது. 2024இல் லண்டன்காரரின் பரிந்துரையில் இரண்டாவது கணக்கு அலுவலகம் சேர்ந்தது. அதன் உரிமையாளர் தமிழர் இல்லை, இது சின்ன விஷயமில்லை.

இழப்பும் உண்டு. நன்றாகத் தேறிய நான்கு பேர் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு நேரடியாக வேலை செய்யப் போய்விட்டார்கள். கூடிய சம்பளம், போனது நியாயம். ஆனால் ஒவ்வொருவரையும் பழக்க எட்டு மாதமாவது எடுத்தது, அந்தச் செலவு முழுவதும் நிலையத்தின் தலையில்.

2025 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு 15 வீத வரி வந்தது. அதுவரை வங்கி வழியாக நாட்டுக்குள் வந்த அந்த வருமானத்துக்கு வரிவிலக்கு இருந்தது. கட்டணத்தைக் கூட்டிக் கேட்க நிறுவனர் தயங்கினார். கேட்டபோது இரு வாடிக்கையாளர்களும் ஒரு பகுதியை ஏற்றார்கள், மீதி லாபத்தில் இருந்து போகிறது.

பில்களை வாசிக்கும் மென்பொருளும் வருடத்துக்கு வருடம் தேறிவருகிறது. 2022இல் ஒருவர் நாள் முழுக்கத் தட்டச்சு செய்ததை இன்று ஒரு மணி நேரத்தில் சரிபார்க்கலாம். தட்டச்சுக்கு மட்டும் காசு வாங்கியிருந்தால் இந்த நிலையம் இப்போது இருந்திருக்காது. வாடிக்கையாளர்கள் காசு கொடுப்பது இப்போது சரிபார்ப்புக்கும் கேள்வி கேட்பதற்கும். அதனால் நேர்முகத் தேர்வில் தட்டச்சு வேகம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பிழையோடு ஒரு பில்லைக் கொடுத்து, என்ன கேட்பீர்கள் என்று கேட்கிறார்கள்.

## மீண்டும் தொடங்கினால்

நிறுவனரிடமும் அணித் தலைவியிடமும் தனித்தனியாகக் கேட்டேன். நிறுவனர், இடைநிலை நிறுவனத்தின் கீழ் ஒருபோதும் வேலை எடுக்க மாட்டேன் என்றார். கடைசி வாடிக்கையாளரின் முகம் தெரியாவிட்டால், வேலை ஏன் போகிறது ஏன் வருகிறது என்பதும் தெரியாது. உறவுக்காரரோடும் முதல் நாளே எழுத்தில் ஒப்பந்தம், தரவுப் படிவம் உட்பட. இரண்டாவது வாடிக்கையாளரை இரண்டு வருடம் தள்ளிப்போடாமல் முதல் வருடத்திலேயே தேடுவது, ஏனென்றால் அந்த இரண்டு வாரம் லண்டன் வேலையை நிறுத்தியபோது பத்துக் குடும்பத்தின் சம்பளம் ஒரே மனிதரின் மனநிலையில் தொங்கியது.

அணித் தலைவி சொன்னது வேறு. வாடிக்கையாளரோடு பேசுவதெல்லாம் இன்னும் நிறுவனர்தான். கேள்விகளை எழுதுவது பிள்ளைகள், லண்டனோடு வாயால் பேசுவது அவர். அவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாம் நின்றுவிடும். முதல் வருடத்திலிருந்தே வாராந்தக் கூட்டத்தில் இரண்டு பேரையாவது பேச வைத்திருக்க வேண்டும் என்றார். தொலைபேசி வேலையில் மதிப்பெண் எடுத்தவர்கள்தானே, பேசத் தெரியாதவர்கள் இல்லையே என்றும் கேட்டார். இரண்டாவது வாடிக்கையாளரின் வாராந்தக் கூட்டத்தை கடந்த மாதம் முதல் அவரும் மருதமுனைப் பிள்ளை ஒருவரும் நடத்துகிறார்கள், இங்கே பிற்பகல் மூன்று மணிக்கு.